திறப்பு விழா

மட்டக்களப்பில் பிள்ளைகளுக்கு விஞ்ஞான நிலையம் அமைப்பது சுலபம். குத்துவிளக்கு, நாடா, பொன்னாடை, நாலு பேச்சு. நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கும். திறப்பு பொறுப்பாளரிடம், பொறுப்பாளர் கொழும்பில்.

வெளியே வாவி சும்மா கிடக்கிறது, சுமார் 56 கிலோமீட்டர். கண்ணா மரத்தின் மூச்சுவேருக்குப் பூட்டில்லை. கல்லடிப் பாலத்தடியில் நிலவிரவில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் ஏதோ பாடுகிறது. மீனா, ஊரி என்னும் நத்தையா? 1848இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் துரை வந்து கேட்டுவிட்டு ஊரி என்றார். நாமோ மீனைச் சின்னமாக்கிவிட்டுச் சோதனையை முடித்துக்கொண்டோம்.

சோதித்துப் பார்த்தவரும் நம்மிடையே இருந்தார்: சுவாமி விபுலானந்தர், லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. யாழின் சுரங்களையே கணக்குப் போட்டுப் பார்த்து 1947இல் 'யாழ் நூல்' தந்தவர். அவர் சிலைக்கு மாலை மட்டும் தவறுவதில்லை.

அடுத்த நிலையத்துக்கு நிதி கேட்கப் போகிறவர்களே, முதலில் ஒரு தோணி கேளுங்கள்.