பிடித்து வைத்த பிஷப்

374-இல் மிலான் நகரத்து பிஷப் ஆக்ஸென்சியுஸ் கண்ணை மூடியதுதான் தாமதம், ஊர் இரண்டாகிவிட்டது. இயேசு பிதாவுக்குச் சமமானவர் என்று ஒரு கட்சி. இல்லை, ஒரு படி கீழே என்று ஆரியுஸ் கட்சி. போனவர் ஆரியுஸ் கட்சி. நாற்காலி இனி யாருக்கு என்பதில் கோயிலுக்குள்ளேயே கைகலப்பு வரும்போல இருந்தது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்றால் அதிகாரி வரத்தானே வேண்டும்? கவர்னர் அம்புரோஸ் வந்தார்.

வக்கீலாக இருந்து மேலே வந்தவர், சுமார் முப்பத்தைந்து வயது. மேலதிகாரி புரோபுஸ், பதவிக்கு அனுப்பும்போதே, நீதிபதியாக நடக்காதே, பிஷப்பாக நடந்துகொள் என்று சொல்லியிருந்தாராம். அந்த வாய் முகூர்த்தம் பலித்தது. கவர்னர் சமாதானம் பேசிக்கொண்டிருக்கும்போது, 'அம்புரோஸ் பிஷப்!' என்று ஒரு குழந்தையின் குரல். அடித்துக்கொள்ள வந்த இரண்டு கட்சியும் சேர்ந்து அதையே கூவின.

சின்ன வயதில் அம்மாவும் அக்காவும் பிஷப்புகளின் கையை முத்தமிடுவதைப் பார்த்து, நானும் பிஷப் ஆவேன் என்று கையை நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளைதான் இவர். இப்போது நிஜமாகவே நீட்டச் சொன்னதும் நடுக்கம் எடுத்துவிட்டது. நியாயமான காரணமும் இருந்தது: மனிதர் இன்னும் ஞானஸ்நானமே வாங்கவில்லை. செய்கிற பாவத்தையெல்லாம் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாகக் கழுவிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது அக்காலத்துப் பெரிய மனிதர்களிடம் சகஜம்.

தப்பிக்க அவர் செய்த காரியங்களை, அவரிடம் செயலாளராக இருந்த பவுலினுஸ் பக்தியோடு எழுதி வைத்திருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நேரே நீதிமன்றத்துக்குப் போய், வழக்கத்துக்கு மாறாகச் சிலரைச் சித்திரவதை செய்ய உத்தரவிட்டார். கொடுமைக்காரனை யார் பிஷப் ஆக்குவார்கள்? 'உன் பாவம் எங்கள் தலைமேல்' என்றது கூட்டம். அடிபட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று பவுலினுஸ் எழுதவில்லை. தத்துவஞானி ஆகப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தார்; எடுபடவில்லை. பிறகுதான் பெரிய ஆட்டம்: விலைமாதர்களை ஊர் பார்க்க வீட்டுக்கு வரவழைத்தார். இன்னும் பலமாக அதே பதில், உன் பாவம் எங்கள் தலைமேல். இப்படி ஒரு வாக்காளர் கூட்டத்துக்கு எந்த அரசியல்வாதியும் தவம் கிடக்க வேண்டும்.

நள்ளிரவில் ஓடினார். பவியாவுக்குப் போவதாக நினைப்பு. விடிந்து பார்த்தால் மிலானின் ரோமாபுரி வாசலிலேயே நிற்கிறார். கடவுள் செயல் என்கிறார் பவுலினுஸ். மாகாணத்தையே நிர்வகித்தவர் பக்கத்து ஊருக்கு வழி தெரியாமல் சுற்றியதற்கு இதைவிட மரியாதையான விளக்கம் கிடைக்காது.

விஷயம் சக்கரவர்த்தி வாலன்டினியனுக்குப் போயிற்று. அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. தான் நியமித்த அதிகாரியே பிஷப் ஆனால் எவ்வளவு வசதி! அதற்குள் அம்புரோஸ், லியோன்சியுஸ் என்கிற பிரபுவின் பண்ணையில் ஒளிந்துகொண்டார். ஒளித்து வைப்பவர் தன்னையும் தன் சொத்தையும் மறந்துவிடலாம் என்று அறிவிப்பு வந்தது. லியோன்சியுஸ் ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

கோமாளித்தனம் இத்துடன் சரி. ஞானஸ்நானம் வாங்கிய எட்டாம் நாள், டிசம்பர் 7, பிஷப் பட்டம். அதற்குப் பிறகு ஒரு முனகல் கிடையாது. பொன்னும் வெள்ளியும் கோயிலுக்கும் ஏழைகளுக்கும் போயின. நிலத்தைக் கோயிலுக்கு எழுதிவைத்து, அனுபோகத்தை மட்டும் அக்கா மர்செல்லினாவுக்கு விட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள அண்ணன் சத்தீருஸ் அரசு வேலையை உதறிவிட்டு வந்தார். கற்பதற்கு முன்பே கற்பிக்க வந்துவிட்டேன் என்று தன்னைப் பற்றி அம்புரோஸே எழுதியிருக்கிறார். அந்தக் கடனை அடைக்க, கிடைத்த நேரமெல்லாம் படிப்பு. சந்தேகம் கேட்க வந்த பிற்காலத்துப் புனிதர் அகுஸ்தீன், இவர் உதடு அசையாமல் படிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, தொந்தரவு செய்யத் துணியாமல் திரும்பிப் போவாராம். 387-இல் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் இவரே.

அரண்மனைக் கணக்குதான் பொய்த்தது. தெசலோனிக்காவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று குவித்த சக்கரவர்த்தி தெயோதோசியுஸை, 390-இல், பரிகாரம் செய்யாமல் நற்கருணை கிடையாது என்று நிறுத்தி, அரச உடையைக் கழற்றி அழவைத்தார். அதற்கு நாலைந்து வருஷம் முன்பு, ஆரியுஸ் கட்சிக்கு ஒரு கோயில் வேண்டும் என்று அரசி யுஸ்தினா படையை அனுப்பியபோது, ஜனங்களோடு உள்ளே உட்கார்ந்துகொண்டு பாட்டுப் பாடவைத்தார். கோயில் கிடைக்கவில்லை. யுஸ்தினா வேறு யாருமில்லை, வாலன்டினியனின் விதவை. கணவர் 375-இலேயே, தூது வந்தவர்களைப் பார்த்துக் கத்திய கத்தலில் நரம்பு வெடித்துப் போய்ச் சேர்ந்திருந்தார். இதையும் பார்த்திருந்தால் இன்னொரு நரம்பு தேவைப்பட்டிருக்கும்.