செம்பும் புளியும்: பழங்காசு துலக்கல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பழைய செப்புக் காசுக்குப் புளி போடலாமா, கூடாதா என்பதை ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் இருக்கை அமைக்க முன்வரவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுப்பொருள் காசு ஒன்று. முதலாம் ராஜராஜன் காலத்து வகை. ஒரு பக்கம் ஆள் நிற்கும், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும், உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருக்கும். ஆயிரம் வருஷம் மண்ணில் கிடந்ததால் உடம்பெல்லாம் கரும்பச்சை, நடுநடுவே செங்கல் நிறம். பத்திரமாக இருக்கட்டுமே என்று பூஜை அறையில் வைத்ததுதான் நான் செய்த தப்பு. ஒரு வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், உத்தரணி எல்லாவற்றோடும் அதுவும் புளிக்குப் போய்விட்டது. போட்டவர் என் மனைவி. ஆய்வு மரபை முன்னிட்டு அவரை இனி 'துலக்குநர்' என்பேன்.

"அழுக்கா இருந்துச்சு, கழுவினேன். இதுல என்ன?" என்பது துலக்குநர் வாதம்.

அற்றன்று. அழுக்கு வேறு, களிம்பு வேறு. அழுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டியது. களிம்போ செம்பே உருமாறியது. ஈரமும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் சேர்ந்து செம்பின் மேல்தோலைப் பச்சையாக்குகின்றன. அதன் அடியில் செந்நிற ஆக்சைடு படிகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இரண்டையும் கரைத்துவிடும். மண்ணில் கிடந்த காசுகள் பலவற்றில் எழுத்தின் விளிம்பு செம்பில் இருப்பதில்லை, களிம்பில்தான் இருக்கிறது. ஆகவே துலக்குநர் அன்று சாக்கடைக்கு அனுப்பியது அழுக்கை அல்ல, ஒரு 'ஸ்ரீ'யையும் பாதி 'ரா'வையும்.

சைவ சித்தாந்திகளுக்கு இது தெரிந்த சங்கதி. உயிரை ஆணவம் பற்றியிருப்பது எப்படி என்றால், செம்பில் களிம்பு போல என்பார்கள். அது நடுவில் வந்து சேர்ந்ததன்று, உடன்பிறந்தது. ரசகுளிகை பட்டால் களிம்பு நீங்கிச் செம்பு பொன்னாகும். அஃதேல் புளி பட்டாலும் ஆகாதோ எனின், ஆகாது. என் காசு முதல் நாள் பிறந்த குழந்தைபோல் ரோஜா நிறத்தில் இருந்தது. நான்காம் நாள் தேமல் விழுந்ததுபோல் திட்டுத் திட்டாகக் கறுத்தது.

இனி, போன நிறத்தைத் திரும்ப ஏற்றலாம் என்று ஒரு கட்சி உண்டு. பழுப்பு ஷூ பாலிஷ் தடவுவோர் அதில் கடைநிலை. அவர்களை மறுக்கக்கூட வேண்டியதில்லை. அவித்த முட்டையோடு காசை டப்பாவில் மூடி வைத்தால், முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு செம்பைக் கறுக்க வைக்கும் என்பது மேல்நிலை. இது வேதியியலுக்கு ஒத்தது. செய்தேன், பலித்தது. ஆனால் டப்பாவைத் திறந்தவர் துலக்குநர். "தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டினவருக்கு முட்டையா?" என்று கேட்டார். இந்த ஒரு வாதத்துக்கு என்னிடம் இன்றுவரை மறுப்பில்லை.

காசை ஒரு காசுக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் லென்ஸை வைத்து இரண்டு பக்கமும் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "சார், குளிப்பாட்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். விலையே சொல்லவில்லை.

சும்மா விடக்கூடாத காசும் உண்டு. வெளிர்பச்சைத் தூள் பூத்து, தொட்டால் விரலில் ஒட்டினால் அது களிம்பல்ல, வியாதி. அருங்காட்சியகத்தார் அதை வெண்கல நோய் என்பார்கள். உள்ளே புகுந்த குளோரைடு, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் செம்பைத் தின்னும். அதற்கு உப்பும் புளியும் போட்டுத் தேய்ப்பது, நோயாளிக்கு நோயையே ஊட்டுவது. வாலைநீரில் ஊறவைத்து, நாள்கணக்கில் நீர் மாற்றி, நன்றாக உலர்த்தி வைப்பது முதலுதவி. மற்றதைக் காப்பு வேலை தெரிந்தவரிடம் விடவேண்டும்.

துலக்கியே தீருவேன் என்பவர்களுக்கு 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா இருக்கிறது. பெட்டியைக் கிளறினால் பல வீடுகளில் நாலைந்து கிடைக்கும். கை அரிப்பை அதில் தீர்த்துக்கொள்ளலாம். மற்றபடி வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: காசைப் பூஜை அறையில் வைத்திருப்பவர்கள் வியாழக்கிழமை இரவே அதை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.