கை நோகாம மினுக்கு வருமாலே?

ஏலே, இங்கன வா. கையில என்ன, பெட்டியா? நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா சாண் அகலப் பெட்டிக்குப் பூச ஆறு டப்பா என்னத்துக்குலே? மரத்துக்கு ஆன துட்டைவிட டப்பாவுக்குக் கூட ஆயிருக்குமே. தொகையைச் சொல்லாத, உங்கம்மைக்குக் கேட்டுரும்.

இத்தாலி பி.யு.ங்க, மெலமைன்ங்க, மேட்டுங்க, சாட்டின்ங்க. சரக்கு நல்ல சரக்குதான், நான் கொறை சொல்லல. கதவுக்கு அடி, சாப்பாட்டு மேசைக்கு அடி. பூச்சு டப்பாவையும் அதை இறுக்குத டப்பாவையும் கலந்தா அன்னைக்கே இறுகிப்போவும். உன் பெட்டி குடிக்கது அரை தம்ளர். மிச்சத்தை எவன் தலையில ஊத்துவ?

அது கெடக்கட்டும். உப்புத்தாள் போட்டியா? எந்த நம்பர்? 80-ல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வந்துட்டியாக்கும்! 120 போடணும், பொறவு 220. மர ரேகை போற பக்கமே தேய்க்கணும், குறுக்க இழுக்கப்பிடாது. குறுக்க விழுந்த கீறல் இப்பம் கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் ஏறுனதும் பல்லிளிக்கும். தேய்க்காம பூசுதது குளிக்காம சென்ட் அடிச்ச மாதிரிலா.

எதைப் பூசன்னு கடைக்காரன்ட்ட ஏன் கேக்க? சாமானைக் கேளு. தண்ணி படுமா, சூடு படுமா, பிள்ளை வாயில வைக்குமா? உங்க ஆச்சி மோர் கடைஞ்ச மத்துக்கு எவன்லே வார்னிஷ் அடிச்சான்? ஒருத்தனும் அடிக்கல. அகப்பை, மத்துக்கெல்லாம் ஒண்ணும் பூசாம விட்டாலே ஆச்சு. ஒருதரம் நனைச்சு நல்லா காயவிடு, சிலும்பு எந்திரிக்கும். அதை 220-ல தேச்சு எடுத்துட்டா, மறுபடி நனைஞ்சாலும் அவ்வளவா எந்திரிக்காது.

காய் நறுக்குத பலகையா? தேங்கா எண்ணெயைத் தேச்சிராத. அது காயவே காயாது, நாள்பட்டா சிக்கு வாடை அடிக்கும். மருந்துக்கடையில லிக்விட் பாரஃபின்னு தருவான். ஆமா, வயிறு போவாதவனுக்குக் குடுப்பாம்லா, அதேதான். சிரிக்காத. தாராளமா தேச்சு ராத்திரி பூரா ஊறவிட்டு, காலையில தொடச்சிரு. பலகை வெளுத்தா மறுபடி தேயி. பலகைக்கும் சொகம், உனக்கும் ஆபத்துக்கு ஒதவும்.

ஆளிவிதை எண்ணெய் போட்டா ரேகை எடுத்துக் காட்டும், அழகுதான். ஆனா டபுள் பாயில்டுன்னு விக்கதை வாயில வைக்குத சாமானுக்குப் பூசாத, சீக்கிரம் காய மருந்து சேத்திருப்பான். தொடச்ச துணியைக் கசக்கி மூலையில எறியவும் செய்யாத. காயும்போது உள்ளுக்குள்ள சூடேறித் தானாவே தீப்பிடிக்கும். கதை இல்ல, நெசம். விரிச்சுக் கொடியில போடு.

உன் பெட்டிக்கு என்னன்னா கேக்க? அம்பாசமுத்திரத்துல சொப்புச் சாமானுக்கு எதைப் பூசுனாங்க? அரக்கு. கடைசல்ல மரம் சுத்தச் சுத்த சாய அரக்கை அழுத்திப் பிடிப்பாங்க. தேயுத சூட்டுல உருகி மரத்துல ஏறிக்கிடும். கர்நாடகத்துல சன்னபட்டணத்துக்காரனுக்கும் அதே வேலைதான். அரக்கு ஏத்துன பொறவு தாழை மடலை வச்சுத் தேப்பான், மினுக்கு எந்திரிக்கும். எத்தனை பிள்ளைய கடிச்ச சொப்பு! சில மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல பூசுததும் அரக்குதாம்லே.

உனக்குக் கடைசல் வேண்டாம். அரக்குச் செதிள் 20 கிராம், ஸ்பிரிட் 100 மில்லி, ஒரு சீசாவுல போட்டு மூடி வையி. மறுநாள் கரைஞ்சிருக்கும், வடிகட்டு. பஞ்சைத் துணியில பொதிஞ்சு தொட்டு, லேசா ஓட்டு. காயட்டும், திரும்ப ஓட்டு. கெட்டியா அப்பாத, தேன்பாகு மாதிரி வழியும். மொதல்ல வெட்டிப்போட்ட துண்டுல பூசிப் பாரு. என்னது, அடுப்புல போட்டுட்டியா? வெளங்கும்!

இதுல ஒரு கொறை உண்டு. சூடா டீத் தம்ளரை வச்சா வெள்ளையா வட்டம் விழும். சாராயம் சிந்துனா பூச்சு கரைஞ்சு பிசுபிசுக்கும். அதனால உங்க மாமன் வாரப்ப மட்டும் பெட்டியை எடுத்து உள்ள வச்சிரு.