அரிய படத்தார்

எல்லாத் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர். அவருக்கு ஓய்வூதியம் மாதம் ஒருமுறைதான் வருகிறது. பொழுதோ தினமும் விடிந்துவிடுகிறது. அதனால் காலை ஐந்தரை மணிக்கு, பால் பாக்கெட்டுக்கு முன்னால், அவர் நம் செல்போனுக்கு வந்துவிடுவார். கறுப்பு வெள்ளையில் ஒரு சாலை, இரண்டு மாட்டு வண்டி, ஒரு டிராம். கீழே, ‘அரிய படம்! இதுவரை யாரும் பார்த்திராதது!’ என்று ஒரு வரி. போன வாரமும் இதே படம்தான் வந்தது. போன தீபாவளிக்கும் வந்தது.

இவரை ‘அரிய படத்தார்’ என்று வைத்துக்கொள்வோம். பிறந்தது 1960-களில், ஏங்குவதெல்லாம் 1930-களுக்காக. தான் பார்க்காத காலத்தை இவ்வளவு உருக்கமாக நினைவுகூரும் மனிதரை வேறெங்கும் காண முடியாது. “அந்த நாள் இனி வருமா, தம்பி?” என்று பெருமூச்சு விடுவார். அந்த நாளில் இவரே வரவில்லை என்பதை எப்படிச் சொல்வது?

ஆண்டு போடுவதில் இவருக்குத் தாராள மனசு. ‘மவுண்ட் ரோடு, 1940’ என்று அனுப்பிய படத்தில் எல்.ஐ.சி. கட்டடம் கம்பீரமாக நிற்கும். அது திறக்கப்பட்டது 1959-இல். ‘சென்னை, 1962’ என்ற படத்தில் டிராம் வண்டி ஓடும். சென்னையில் டிராம் 1953-லேயே நின்றுபோயிற்று. ‘முதல் சுதந்திர தினம், 1947’ என்ற படத்தில் ஓரமாக ஓர் அம்பாசிடர் கார் நிற்கும். அந்தக் கார் பிறக்கவே இன்னும் பத்து வருஷம் ஆகவேண்டும். எடுத்துச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். “வருஷம் கிடக்கட்டும் தம்பி, ரோடு எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!” என்பார். கறுப்பு வெள்ளைப் படத்தில் குப்பையும் நிழலும் ஒரே நிறம். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வராது.

பிரபலங்கள் விஷயத்தில் அவர் கை இன்னும் நீளம். எம்.ஜி.ஆர். மாலையோடு நிற்பார்; பின்னால் நூறு தலைகள். மூன்றாவது வரிசையில் ஒரு காதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘மக்கள் திலகத்துடன் எங்கள் பெரியப்பா!’

“முகமே தெரியலையே, சார்?”

“எங்க வம்சத்துக் காது தம்பி. எந்தக் கூட்டத்துல இருந்தாலும் கண்டுபிடிச்சிருவேன்.”

தோள்வரை முடி வைத்திருந்தால் அவர் கணக்கில் தியாகராஜ பாகவதர். பி.யு. சின்னப்பாவும் இந்தக் கணக்கில் அடிக்கடி பாகவதர் ஆகிவிடுவார். 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’, பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்பது சரித்திரம். மூன்று தீபாவளிக்கும் முதல் டிக்கெட் வாங்கியவர் தன் தாத்தா என்பது அவர் சேர்த்துக்கொண்ட உபகதை. பாரதியாரின் புகைப்படங்களில் நமக்குக் கிடைத்திருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. ஆனால் பாரதியின் பிறந்தநாளான டிசம்பர் 11-ஆம் தேதிதோறும் நம்மவரிடம் புதிதாக ஒன்று முளைக்கும். தலைப்பாகையும் மீசையும் இருந்துவிட்டால் போதும். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

இவரை வீட்டுக்குக் கூப்பிட்டால் காபி ஆறிப்போகும். கண் முழுக்கச் சுவரில்தான். மாட்டியிருக்கும் தாத்தா படத்தைக் கண்ணாடியைக் கழற்றாமல் அப்படியே செல்போனில் பிடிப்பார். தாத்தாவின் மார்பில் டியூப் லைட் எரியும். தலைக்கு மேல் மின்விசிறி. இடுப்பருகே செல்போனை ஏந்திய இவர் கை. அதோடு விடுவாரா? வண்ணம் தீட்டும் செயலியில் ஏற்றிவிடுவார். தாத்தாவின் வேட்டி ஊதா ஆகும். முப்பது வயதில் கணவனை இழந்து, சாகும்வரை வெள்ளையே உடுத்திய பெரிய பாட்டிக்கு அரக்குப் பட்டு கிடைக்கும். அவர் செய்வதிலேயே குறை சொல்ல முடியாத காரியம் இது ஒன்றுதான்.

பிறகு பிரசங்கம் தொடங்கும். “அந்தக் காலத்து ஆட்கள் போட்டோவுல சிரிக்கவே மாட்டாங்க. அவ்வளவு கட்டுப்பாடு!” கட்டுப்பாடாவது ஒன்றாவது. ஆரம்ப காலத்துக் காமிராவுக்குப் பல நொடி அசையாமல் நிற்கவேண்டியிருந்தது. அந்த விறைப்பு அப்படியே வழக்கமாகிவிட்டது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் வேறு. பின்னாளில் அக்ஃபா கிளிக் காமிரா வீடுகளுக்கு வந்தபோதும் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். கிரகப்பிரவேசத்தில் தொடங்கிய ரோலைக் காதுகுத்து வரை இழுத்துப் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு ‘கிளிக்’கும் காசு என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

“எங்க தாத்தா அந்தக் காலத்துலயே கோட்டு போட்டவர்” என்று காட்டுவார். எதிர்வீட்டுத் தாத்தாவும் அதே கோட்டில்தான் இருக்கிறார்; அதே நாற்காலி, அதே பூச்சாடி, பின்னால் திரையில் அதே மாளிகை. கோட்டு ஸ்டுடியோக்காரருடையது. ஊரில் பாதிப் பேரைப் பெரிய மனிதர் ஆக்கிய கோட்டு அது.

பழைய படம் சேர்ப்பது கேலிக்குரிய வேலை இல்லை. ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில் தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளரான ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், ஆயுள் முழுக்கச் செய்தது அதைத்தான். ஆனால் அவர் ஸ்டில்லோடு சேர்த்து என்ன படம், எந்த வருஷம், யார் எடுத்தது, யார் நடித்தது என்ற விவரத்தையும் சேர்த்தார். அதனால் அது வரலாறு ஆயிற்று. நம்மவர் படத்தைப் பிடித்துக்கொண்டு விவரத்தைக் கை நழுவ விடுகிறார்.

இருந்தாலும் ஒரு நியாயம் சொல்லியாகவேண்டும். ஸ்டுடியோக்களை மூடியபோது பெட்டி பெட்டியாக நெகடிவ்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. கண்ணாடி நெகடிவ்களில் படலத்தைச் சுரண்டிவிட்டு வெறும் கண்ணாடியாக விற்றவர்களும் உண்டு. அந்தக் கடைகளில் மண்டியிட்டு, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடைபோட்டு வாங்கி வந்தவர் இவர்தான். “ஊரார் கல்யாணமெல்லாம் நம்ம பீரோவுல இருக்கு. நம்ம கல்யாண ஆல்பம் எங்கே?” என்று அவர் மனைவி கேட்கும்போது மட்டும் அவருக்கு விடை தெரியாது. அது பரணில், பட்டர் பேப்பரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. வாங்கி வந்த ஆல்பத்திலும் சரி, பரண் ஆல்பத்திலும் சரி, எந்தப் படத்தின் பின்னாலும் ஒரு பெயர் கிடையாது.

ஆகவே, அவரைப் பார்த்துச் சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் படங்களை இறக்குங்கள். பின்பக்கம் பென்சிலால், அழுத்தாமல், யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். அடையாளம் சொல்ல வீட்டில் ஒரு கிழவி இருக்கும்போதே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால், இன்னும் முப்பது வருஷத்தில் வேறோர் அரிய படத்தார் உங்கள் தாத்தாவைப் பாகவதர் ஆக்கி ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவார். மறுத்துச் சொல்ல ஆள் இருக்காது.