அற்பசந்தோஷி

சம்பளம் கணக்கில் ஏறிவிட்டதாக எஸ்எம்எஸ் வந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பதவி உயர்வு வந்த அன்றைக்கும் அப்படித்தான். “குடுத்துட்டாங்க. இனிமே சனிக்கிழமையும் வரச் சொல்லுவாங்க” என்று அலுத்துக்கொண்டார். அதே மனிதர் இருபது ரூபாய்க்குக் கீரை வாங்கப் போய், கடைக்காரம்மா தானாக மேலே போட்ட ஒரு கொத்து கறிவேப்பிலையோடு திரும்பும்போது பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றும் முன்பே வாசலிலிருந்து குரல் வருகிறது. “கேக்கவே இல்ல தெரியுமா? தானா போட்டாங்க!”

இவர்தான் அற்பசந்தோஷி. தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். பணக்காரர், ஏழை என்ற பேதம் இந்த இனத்தில் கிடையாது. கார் வைத்திருப்பவரும் உண்டு. பெட்ரோல் பங்கில் இலவசமாகக் காற்றடித்துக்கொண்டு, மூவாயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டதை மறந்து, டயரைத் தட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

கறிவேப்பிலையில் அவர் ஒரு நெறிமுறை வைத்திருக்கிறார். கேட்டு வாங்கினால் அது பேரத்தில் சேர்ந்துவிடும். கேட்காமல் வந்தால்தான் கொசுறு. ஆகவே வாயைத் திறந்து கேட்க மாட்டார். பணத்தைக் கொடுத்துவிட்டு, பையின் வாயை விரித்துப் பிடித்தபடி, வானிலையைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டு நிற்பார். “இன்னா சார், கறிவேப்பிலையா? புடி” என்று அந்த அம்மா சலித்துக்கொண்டே அள்ளிப் போட்டாலும் இவர் கணக்கில் அது கேட்காமல் வந்ததுதான். காரமடைப் பக்கத்துத் தோட்டத்தில் பறித்து, லாரி ஏறி, கோயம்பேட்டில் கட்டுக் கணக்கில் காசு கொடுத்து அந்த அம்மா வாங்கி வந்த சரக்கு அது. அந்தக் காசு தக்காளி விலையில் எங்கோ ஒளிந்திருக்கிறது. இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

கொசுறு போய்விட்டால் வருத்தப்படுகிறவர் இவர் மட்டுமல்ல. 2024 மே மாதத்தில் மும்பைக்காரர் ஒருவர், ஆன்லைனில் காய்கறி வாங்கினால் கொத்தமல்லிக்கும் தனியாகக் காசு கேட்கிறார்களே என்று தன் அம்மா அதிர்ந்துபோன கதையை எக்ஸ் தளத்தில் எழுதினார். பிளிங்கிட் நிறுவனத் தலைவர் அல்பிந்தர் திண்ட்ஸா அதைப் பார்த்துவிட்டு, குறிப்பிட்ட அளவு காய்கறி வாங்குகிறவர்களுக்குக் கொத்தமல்லி இலவசம் என்று அறிவித்தார். நம் ஆளுக்கு இந்தச் செய்தியைக் காட்டியபோது உதட்டைப் பிதுக்கினார். பில்லில் பூஜ்யம் ரூபாய் என்று அச்சடித்து வருவதெல்லாம் ஒரு கொசுறா? கை அள்ள வேண்டும், அள்ளும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும், யோசித்த பிறகும் போட வேண்டும்.

மார்க் ட்வைன் இருந்திருந்தால் இவருக்குத் தலையாட்டியிருப்பார். மிசிசிப்பி ஆற்று வாழ்க்கையைப் பற்றி 1883இல் வெளிவந்த புத்தகத்தில், நியூ ஆர்லியன்ஸ் கடைகளில் சாமான் வாங்கி முடித்ததும் கொசுறு கேட்கிற வழக்கத்தை அவர் ரசித்து எழுதியிருக்கிறார். குழந்தைக்கு அதிமதுரக் குச்சி, வேலைக்காரருக்கு மலிவுச் சுருட்டு அல்லது நூல்கண்டு. ஆனால் அந்த ஊரில் வாய்விட்டுக் கேட்டு வாங்கினார்கள். நம் ஆளின் நெறிமுறைப்படி அது செல்லாது.

இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தால் கஞ்சர்கள் கோபித்துக்கொள்வார்கள். கஞ்சருக்குக் கணக்கு வரும். இவருக்கு வரவு மட்டும்தான் தெரியும். தக்காளி கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைவு என்று கேள்விப்பட்டால் குரோம்பேட்டையிலிருந்து கோயம்பேட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஐந்து கிலோ வாங்கி வருவார். பெட்ரோல், பார்க்கிங், வெயிலுக்குக் குடித்த கரும்புச் சாறு எதுவும் கணக்கில் ஏறாது. வாரக் கடைசியில் இரண்டு கிலோ அழுகிப்போவது தக்காளியின் குற்றம்.

இவருடைய முழுத் திறமையும் வெளிப்படுவது கரண்ட் பில்லில். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 2016 மே மாதம் ஜெயலலிதா மறுபடி முதல்வரானதும் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, 100 யூனிட் இலவசத்துக்கு. அந்த நூறு இவரைச் சலனப்படுத்தியதே இல்லை. எல்லோருக்கும் கிடைப்பதில் என்ன சுகம்? அவருடைய கண் 500இல் இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. பின்னால் திரும்பி, நூறுக்கு மேல் இருநூறு வரையிலான யூனிட்டுகளுக்கான சலுகையும் பறிபோகும். ஒரே ஒரு யூனிட்டில் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறிவிடும்.

நாற்பத்தைந்தாம் நாளிலிருந்து அவர் மீட்டர் பெட்டி முன்னால் போன் டார்ச்சோடு நிற்க ஆரம்பிக்கிறார். எண்ணைப் படித்து, பழைய ரீடிங்கைக் கழித்து, மிச்ச நாளால் வகுத்து, வீட்டுக்குள் வந்து தீர்ப்புச் சொல்வார். “ஒரு நாளைக்கு ஏழு யூனிட்டுக்கு மேல போகக் கூடாது.” அன்றிலிருந்து ஹால் லைட்டுக்கு ஓய்வு. ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிக்கிற மகனுக்குத் திட்டு. கீஸருக்குத் தடை. சட்டைகள் எல்லாம் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போகும். கரியில் சூடாகிற அந்தப் பெட்டிக்கு ஒரு சட்டைக்குப் பத்து ரூபாய் வீதம் கொடுத்து அவர் மிச்சம் பிடித்த மின்சாரம் எவ்வளவு என்று மனைவி ஒருமுறை கேட்டார். “அது வேற தலைப்பு” என்றார்.

ரீடிங் எடுக்கிறவர் வர வேண்டிய தேதியில் வராமல் போனால் வீட்டில் சோறு இறங்காது. ஒருநாள், இரண்டு நாள், மூன்றாம் நாளும் போய்விட்டது. மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும் ஒவ்வொரு மினுக்கும் அவர் நெஞ்சில் மினுக்குகிறது. நாலாம் நாள் பத்தரை மணிக்குக் கேட் திறக்கும் சத்தம். கையிலிருந்த தோசையை அப்படியே தட்டில் போட்டுவிட்டு ஓடுகிறார். சுவர் பக்கம் திரும்பி நின்று எண்ணைப் பதிந்துகொண்டவர் சொல்கிறார்: “நானூத்தித் தொண்ணூத்தெட்டு, சார்.”

அடுத்த பத்து நிமிடத்துக்கு அந்த வீட்டில் திருவிழா. ரீடிங் எடுத்தவருக்கு மோர் கொடுக்கிறார்கள். அத்தை, சித்தப்பா, அலுவலக நண்பர் எல்லோருக்கும் போன். வெற்றிவிழாவாக அன்று மாலை ஏழு மணிக்கே ஏசி போடப்படுகிறது. இரவு எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியில் எதிர்ப்பட்டு, தங்களுக்கு முந்நூற்றுப் பத்துதான் என்று சொல்லிவிட்டுப் போகிறார். முகம் ஒரு வினாடி வாடியது உண்மை. உடனே சமாளித்துக்கொண்டார். “அவங்க ரெண்டே பேரு. அதுல என்ன சாமர்த்தியம்?”

கேஸ் சிலிண்டரிலும் இதே ஆட்டம் சின்ன மைதானத்தில் நடக்கிறது. 14.2 கிலோ எரிவாயு. மாட்டிய தேதி தினசரிக் காலண்டர் அட்டையின் ஓரத்தில் பேனாவால் ஏறிவிடும். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். காலியான மேல்பாகம் சீக்கிரம் காய்ந்துவிடும், வாயு திரவமாக நிற்கிற கீழ்ப்பாகத்தில் ஈரம் தங்கும். அந்த ஈரக்கோடு எதிர்பார்த்ததைவிட இரண்டு விரல்கடை மேலே இருந்தால் அன்றைய பொழுது நன்றாகப் போகும். அந்த மாதம் பாதி நாள் வெளியே வாங்கிச் சாப்பிட்டதால்தான் கோடு இறங்கவில்லை என்பதும் வேறு தலைப்பு.

இந்த இனத்தில் பெண்களும் உண்டு, ஆனால் அவர்கள் விளம்பரம் செய்வதில்லை. பால் பொங்கி விளிம்புக்கு வருகிற அதே நொடியில் அடுக்களைக்குள் நுழைந்து அடுப்பை அணைக்கிற அம்மா, யாரிடமும் சொல்லாமல் தனக்குள் ஒரு புன்னகை செய்துகொள்வார். ஜாக்கெட்டுக்குக் கொண்டுபோன துணியில் டெய்லர் ஒரு பிட்டைத் திருப்பிக் கொடுத்தால் அதை மடித்து பீரோவில் வைப்பார். பத்து வருடம் கழித்தும் அது அங்கே இருக்கும். இதே பால் விஷயத்தை அவர் வீட்டுக்காரர் சாதித்திருந்தால் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

எதிர்பாராமல் கைக்கு வரும் காசு மனிதரை என்ன செய்கிறது என்று அமெரிக்காவில் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஆலிஸ் ஐசன், பவுலா லெவின் என்ற உளவியலாளர்கள் 1972இல் வெளியிட்ட ஆய்வு அது. பொது டெலிபோனில் மீதிச் சில்லறை விழுகிற குழியில் பத்து சென்ட் நாணயத்தைப் போட்டு வைத்தார்கள். பேசிவிட்டு வெளியே வருகிறவர் முன்னால் ஒரு பெண் கையிலிருந்த காகிதங்களைத் தவறவிடுவார். நாணயம் கிடைத்த 16 பேரில் 14 பேர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். கிடைக்காத 25 பேரில் ஒரே ஒருவர். பிற்பாடு மற்றவர்கள் செய்து பார்த்தபோது இவ்வளவு பளிச்சென்ற விடை வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஆள் அந்த டெலிபோன் கூண்டிலிருந்து வந்திருந்தால் காகிதத்தைப் பொறுக்கிக் கொடுத்ததோடு நாணயம் கிடைத்த கதையையும் முதலிலிருந்து சொல்லியிருப்பார். அந்தப் பெண்ணுக்கு பஸ் போயிருக்கும்.

அவருக்கும் ஒருமுறை காசு கிடைத்தது. 2017 பொங்கலன்று பட்டுவேட்டியை உதறியபோது மடிப்பிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் விழுந்தன. ஆனந்தக் கூச்சல் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. பழைய நோட்டு. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி செல்லாமல் போன நோட்டு. வங்கியில் கட்டுவதற்கான கெடுவும் டிசம்பர் 30ஆம் தேதியோடு முடிந்திருந்தது. அன்று அவர் சர்க்கரைப் பொங்கலில் இருந்த முந்திரியைக்கூட எண்ணவில்லை என்றால் துக்கத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம். சில வாரம் கழித்துப் பேப்பரில் ஒரு செய்தி: செல்லாத நோட்டைப் பத்துக்கு மேல் வைத்திருந்தால் அபராதம் என்று சட்டம் வருகிறது. பேப்பரோடு அடுக்களைக்கு ஓடினார். “பத்து வரைக்கும் வெச்சுக்கலாமாம்! நம்மகிட்ட ரெண்டுதான இருக்கு!”

வெளியூர்ப் பயணம் என்றால் டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே அவருக்கு வேலை. நெல்லை எக்ஸ்பிரஸில் ஆர்ஏசி. முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பக்கவாட்டுக் கீழ் பர்த்தில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைக்கிற ஏற்பாடு. வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறவரைப் பார்த்தால் இவர் ராஜா. கன்ஃபர்ம் ஆனவரைப் பார்த்தால் அகதி. இரண்டு வாரமாகக் காலையும் மாலையும் பத்து இலக்கப் பிஎன்ஆர் எண்ணைத் தட்டிப் பார்த்து, ஆர்ஏசி 23 ஆர்ஏசி 19 ஆனதை வீட்டில் அறிவித்து, 19 ஆர்ஏசி 11 ஆனதற்கு வாழைப்பழம் வாங்கி வந்து, கடைசியில் சார்ட் போட்ட பிறகும் ஆர்ஏசியாகவே வண்டி ஏறுகிறார். எதிரில் ஒரு கல்லூரிப் பையன். இருவரும் முழங்காலை மடக்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

விழுப்புரம் தாண்டியதும் டிடிஇ வருகிறார். யாரோ ஒருவர் ஏறவில்லை. கையிலிருக்கும் டேப்லெட்டைத் தடவிவிட்டு, “ஒன்பதாம் நம்பர் போய்க்கோங்க சார். லோயர்” என்கிறார். இதைக் கேட்பதற்காகத்தான் அவர் கன்ஃபர்ம் டிக்கெட் கிடைக்கிற ரயிலை விட்டுவிட்டு இதில் வருகிறாரோ என்று சந்தேகப்பட இடமுண்டு. ராத்திரி பதினொன்றே முக்கால். வீட்டுக்குப் போன் போகிறது.

“லோயர் குடுத்துட்டான்! கேக்கவே இல்ல!”

“சரி, படுங்க” என்கிறது மறுமுனைத் தூக்கம்.

பெட்டியில் பாதிப் பேர் விழித்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நம்பரில் துண்டை விரித்து, தலைக்குப் பையை வைத்து, காலை முழுசாக நீட்டி மூன்று நிமிடம் ஆகியிருக்காது. முட்டி வலிக்கிற ஒரு பாட்டியும், பாட்டி சார்பில் பேச ஒரு பேரனும் வந்து நிற்கிறார்கள். “அங்கிள், ஆச்சிக்கு மேல ஏற முடியாது…”

எழுந்து இடம் கொடுக்கிறார். அதில் குறை சொல்ல முடியாது. துண்டையும் பையையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, இரண்டு முறை வழுக்கி, மேல் பர்த்தில் போய் விழுகிறார். உட்கார முடியாத உயரம். கூரை மூக்குக்கு நேரே. பெட்டி அடங்கி, எல்லோரும் மறுபடி கண்ணை மூடிய நேரத்தில் மேலேயிருந்து போன் வெளிச்சம் தெரிகிறது.

“தூங்கிட்டியா? இங்க ஃபேன் நேரா நம்ம மேலதான் அடிக்குது. வேற யாருக்கும் வரல!”