எண்ணெய்க்கு முதல் வகுப்பு

சிங்கப்பூரின் தேக்காவில் வடை சுட்டுக் கறுத்த எண்ணெய்க்கு அடித்த யோகம், அந்த வடையைத் தின்றவனுக்கு அடிக்கவில்லை.

சிராங்கூன் ரோட்டுக் கடைகளின் பின்வாசலைப் பாருங்கள். ஆறிய எண்ணெயை வடிகட்டி, டின்னில் ஊற்றி, மூடியை இறுக்குகிறார்கள். தண்ணீர் கலந்தால் விலை போகாது. வண்டி வந்து காசு கொடுத்து அள்ளிப்போகிறது. எங்கே பிறந்தது, யார் கைமாறியது என்று பூர்வீகம் விசாரித்துச் சான்றிதழ் வேறு. மெத்தனால் சேர்த்தால் பயோடீசல். ஹைட்ரஜன் ஏற்றிப் பதப்படுத்தினால் விமானத்துக்கே ஊற்றலாம். துவாஸில் 2010இல் ஆலை திறந்த பின்லாந்தின் நெஸ்டே, செம்பனை எண்ணெய்க்காக உலகத்தாரிடம் வசவு வாங்கியபின் கழிவெண்ணெய்ப் பக்கம் சாய்ந்தது. 2023இல் 160 கோடி யூரோ செலவில் ஆலையை விரித்தார்கள். இப்போது ஆண்டுக்கு 26 லட்சம் டன் திறன்.

வடை தின்றவன்? திங்கள் விடியுமுன் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி வாசலில் லாரி நிற்கும். சீட் இல்லை, பெல்ட் இல்லை. கம்பிக்கும் மண்வெட்டிக்கும் நடுவே காலை மடக்கி உட்கார வேண்டியதுதான். சரக்கு வண்டியின் பின்தட்டில் ஆள் ஏற்றக் கூடாது என்று இந்த ஊர்ச் சட்டமே சொல்கிறது. ஊழியர் என்றால் விலக்கு. ஆள் கணக்கில் வரமாட்டார் போலிருக்கிறது!

2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிச்சென்ற லாரி, நின்றிருந்த டிப்பர் மேல் மோதி இருவர் செத்தார்கள். 2023 ஜனவரியில் லாரிக்கு மழைத் தார்ப்பாய் கட்டாயமானது. இனி நனையாமல் அடிபடலாம். லாரியில் ஆள் ஏற்றத் தடையே போடுங்கள் என்று கேட்டவர்களுக்கு அந்த ஆகஸ்டில் அரசு சொன்ன பதில்: சிறு நிறுவனங்கள் தாங்காது, வீடு, பள்ளி, ரயில் பாதை வேலைகள் தாமதமாகும், செலவு ஏறும்.

செலவா? பசுமை எரிபொருள் விலை அதிகம் என்றதும் விமானப் பயணிகளிடம் தீர்வை வாங்கலாம் என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தது இதே ஊர்தானே! எண்ணெயை மேலே ஏற்ற வழி தெரிகிறது. மனிதனைப் பேருந்தில் ஏற்ற மட்டும் கணக்கு இடிக்கிறது. நாளை அந்த லாரிக்கும் பயோடீசல் ஊற்றி, கார்பன் குறைத்த சரக்குப் போக்குவரத்து என்று கேடயமும் வாங்குவார்கள். சரக்கு யாரென்று மேடையில் ஒருவரும் கேட்கமாட்டார்.

அமைச்சர்களே, பேருந்துச் செலவை நாங்கள் வாங்கும் வீட்டின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கிறோம். அந்த விலக்கை முதலில் சட்டத்திலிருந்து எடுங்கள்.