மருந்துச் சீட்டும் ஓட்டுச் சீட்டும்

கே: டாக்டர்கள் அரசியலுக்கு வந்ததும் வைத்தியத்தை மறந்துவிடுகிறார்களே?

ப: பி.சி.ராய் மறக்கவில்லை. லண்டனில் எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். இரண்டையும் இரண்டே கால் வருடத்தில் முடித்த மனிதர். 1923-இல் நின்ற முதல் தேர்தலிலேயே, மந்திரியாக இருந்த சுரேந்திரநாத் பானர்ஜியை மண்ணைக் கவ்வ வைத்தார். காந்திஜிக்கும் வைத்தியம் பார்த்தார். 1948 முதல் கடைசி வரை மேற்கு வங்க முதல்வர்; அப்போதும் காலையில் வீட்டில் நோயாளிகளை இலவசமாகப் பார்த்தார். (மனுவோடு வந்த கட்சிக்காரர்கள் சும்மாவேனும் இருமியிருப்பார்கள்!) பிறந்தது 1882 ஜூலை 1, மறைந்தது 1962 ஜூலை 1. ஜெயந்திக்கும் நினைவு நாளுக்கும் ஒரே மாலை போதும். சர்க்காருக்கு அதிலும் சிக்கனம்.